டிரம் சாண்டர் பெல்ட்: முறுக்குவதா, மாற்றுவதா?

கேள்வி: ராமேசுவரம் அருகே மண்டபம் ஊரில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறேன். 16 அங்குல டிரம் சாண்டரில் (கன்வேயர் பெல்ட் பலகையை நகர்த்திச் செல்ல, மேலே சுழலும் உப்புத்தாள் சுற்றிய டிரம் அதைத் தேய்க்கும் இயந்திரம்) பனம்பலகைகளையும், பழைய வள்ளங்களிலிருந்து கழற்றிய பலகைகளையும் இழைக்கிறோம். சில நாட்களாகப் பலகை பாதி வழியில் நின்று, நின்ற இடத்தில் குறுக்கே பள்ளம் விழுகிறது. கன்வேயர் பெல்ட்டின் வலது ஓரம் நூல் நூலாகப் பிரிந்துவிட்டது. பெல்ட்டை இறுக்கும் டென்ஷன் போல்ட்டை இன்னும் முறுக்கிப் பார்க்கலாமா?

பதில்: முறுக்க வேண்டாம். மேற்பரப்பு வழவழத்துப்போன பெல்ட், எவ்வளவு இறுக்கினாலும் பலகையைப் பற்றாது. பெல்ட்டைத் தாங்கும் ரோலரின் தண்டு வளைவதும், அந்தத் தண்டு சுழலும் புஷ் தேய்வதும்தான் மிச்சம். பெல்ட்டை மாற்றத்தான் வேண்டும். ஆனால் ஓரம் பிரிந்திருப்பதைப் பார்த்தால், அது நெடுநாளாக வலப்பக்கம் ஒதுங்கிச் சட்டத்தில் உரசியிருக்கிறது என்று தெரிகிறது. அந்தக் கோணலைச் சரிசெய்யாமல் மாட்டினால் புதியதும் அப்படியே கிழியும்.

பழைய பெல்ட்டை அளந்து புதியது வாங்காதீர்கள், அது நீண்டிருக்கும். இரண்டு ரோலர்களும் ஒரே விட்டமாக இருந்தால், டென்ஷனைப் பாதியளவு தளர்த்தி வைத்து, அவற்றின் மைய இடைவெளியை இரண்டால் பெருக்கி, விட்டத்தை 3.14ஆல் பெருக்கி வருவதைக் கூட்டுங்கள். இடைவெளி 400 மி.மீ., விட்டம் 40 மி.மீ. என்றால் பெல்ட்டின் சுற்றளவு ஏறத்தாழ 926 மி.மீ.

சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். டிரம்மை உயர்த்தி, போல்ட்டுகளைத் தளர்த்திப் பழையதைக் கழற்றியதும் ரோலரை விரலால் தடவிப் பாருங்கள். நம் கடற்கரையின் உப்புக்காற்றில் துருவும், அதன்மேல் பிசினோடு ஒட்டிய மரத்தூளும் சொரசொரவென்று மேடுகட்டியிருக்கும். பெல்ட் ஒதுங்குவதற்குப் பல இயந்திரங்களில் இந்த மேடே காரணம். கம்பி பிரஷால் சுரண்டி, தின்னர் நனைத்த துணியால் துடையுங்கள். எண்ணெயைப் போல்ட்டின் மரையில் மட்டும் இடுங்கள். ரோலரில் பட்டால் பெல்ட் வழுக்கும்.

உட்புறத்தில் அம்புக்குறி இருந்தால் அந்தத் திசையிலேயே மாட்டி, இரு பக்கமும் சமமாக இறுக்கி, வெறுமனே ஓட்டுங்கள். பெல்ட் தளர்ந்த பக்கமாகவே ஒதுங்கும். ஆகவே, ஒதுங்கும் பக்கத்துப் போல்ட்டைக் கால் சுற்று முறுக்கி, எதிர்ப்பக்கத்தை அதே அளவு தளர்த்தி, பெல்ட் பல சுற்றுகள் ஓடும்வரை கை வைக்காமல் காத்திருங்கள். அவசரப்பட்டு மறுபடி திருகுவதுதான் பெரும்பாலோர் செய்யும் பிழை. புதிய பெல்ட் முதல் சில மணி நேரத்தில் சற்று நீளும் என்பதால், அன்றே ஒருமுறை டென்ஷனைப் பாருங்கள். பெல்ட்டின் தடிமன் மாறியிருக்கலாம். உயர அளவுகோலின் சுழியத்தையும் புதிதாக வையுங்கள்.

பனையின் கறுத்த நார் ஊசிபோல் நிமிர்ந்து பெல்ட்டைக் கீறும். அடிப்பக்கத்தை ஒருமுறை இழைப்புளியால் சீவிய பிறகே ஏற்றுங்கள். வள்ளப் பலகையில் ஒடிந்து நிற்கும் இரும்பாணியைக் காந்தம் காட்டிக்கொடுக்கும், செம்பாணி அதில் ஒட்டாது; பச்சைக் கறை தெரியும் இடங்களை உளியால் கிளறிப் பார்த்துவிடுங்கள்.