கலக்கலாமா, கூடாதா? காட்டுப்பூனைகள் பற்றி வாசகர் கேள்விகள்

கேள்வி: வீட்டுப் பூனையோடு கலப்பதால் காட்டுப்பூனை அழிகிறது என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். கலந்தால் புது ரத்தம் சேர்ந்து இனம் வலுப்படும் என்றல்லவா படித்திருக்கிறோம்? எது சரி?

பதில்: இரண்டும் சரி. எதோடு எது, எவ்வளவு கலக்கிறது என்பதுதான் பேச்சு.

ஸ்காட்லாந்தை எடுத்துக்கொள்வோம். பிரிட்டனில் காட்டுப்பூனையும் வீட்டுப் பூனையும் ஏறத்தாழ 2,000 ஆண்டுகள் ஒரே தீவில் இருந்தும் பெரிதாக ஒட்டவில்லை. பழைய எலும்புகளின் டிஎன்ஏவை வாசித்தவர்கள் 2023-இல் சொன்ன செய்தி இது. கலப்பு வேகமெடுத்தது கடந்த 70 ஆண்டுகளில்தான். வேட்டையாலும் காடழிப்பாலும் காட்டுப்பூனை அருகிப்போன பிறகு, துணை தேடி அலைந்த ஆணுக்குத் தன் இனத்துப் பெண் அகப்படவில்லை. வீட்டுப் பூனைக்கோ பஞ்சமே இல்லை. பிறந்த குட்டி மறுபடி வீட்டுப் பூனையோடு சேர, அதன் குட்டியும் அப்படியே சேர, சில தலைமுறையில் காட்டுப்பூனையின் பங்கு கரைந்துவிடும். ஒரு பக்கம் கைவிரல் விட்டு எண்ணும் அளவு, மறுபக்கம் லட்சக்கணக்கு என்றால் வேறென்ன நடக்கும்?

வெளித்தோற்றத்தை வைத்துப் பிரிக்க ஏழு அடையாளங்கள் வைத்திருக்கிறார்கள். வால் தடித்து, வளையம் வளையமாக, கறுத்த மொண்ணை நுனியோடு இருக்க வேண்டும். முதுகுக் கோடு வாலின் அடியிலேயே நின்றுவிட வேண்டும். ஆனால் தோல் ஏமாற்றும். அதனால் டிஎன்ஏவில் 35 இடங்களைச் சோதித்து, முக்கால் பங்காவது காட்டுப்பூனையாக இருந்தால் ஏற்றுக்கொள்கிறார்கள். முழுக்கச் சுத்தமானதுதான் வேண்டும் என்று உட்கார்ந்திருந்தால் இனப்பெருக்கம் செய்யப் பூனையே மிஞ்சாது. இந்த முக்கால் கணக்கைக் குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது நியாயமாகத்தான் படுகிறது. இப்படித் தேர்ந்து வளர்த்தவற்றில் 19 பூனைகளை 2023-இல் கெய்ர்ங்கார்ம்ஸ் மலைப்பகுதியில் விட்டார்கள். அடுத்த ஆண்டே அங்கே குட்டிகள் பிறந்தன.

உங்கள் கட்சிக்கும் ஒரு சான்று சொல்லிவிடுகிறேன். கலந்த பூனைகளின் டிஎன்ஏவில், நோய் எதிர்ப்போடு தொடர்புடைய பகுதியில் மட்டும் வீட்டுப் பூனையின் பங்கு வழக்கத்தைவிட அதிகம் தெரிகிறது. வீட்டுப் பூனை கொண்டுவந்த நோய்க்கு, அதனிடமிருந்தே தடுப்பும் வந்திருக்கிறது போலும்.

கேள்வி: அப்படியானால் ஸ்பெயினில் மட்டும் ஏன் வேண்டுமென்றே கலக்கிறார்கள்?

பதில்: அங்கே சிக்கல் நேர் எதிரானது. ஐபீரிய லின்க்ஸ் என்ற பெரிய காட்டுப் பூனையினம் இருபதாம் நூற்றாண்டு முழுக்கச் சரிந்துகொண்டே வந்தது. வேட்டை ஒரு பக்கம். அதன் உணவான முயல்களை வரிசையாக இரண்டு நோய்கள் வாரிக்கொண்டு போனது இன்னொரு பக்கம். 2001-இல் இனப்பெருக்க வயதில் இருந்தவை 62 மட்டுமே. அவையும் தென் ஸ்பெயினில் தோஞானா, சியரா மொரேனா என்று ஒன்றையொன்று எட்ட முடியாத இரு கூட்டங்கள். தோஞானாவில் உறவுக்குள்ளேயே இணைசேர்ந்து மரபணு வேறுபாடு வற்றிவிட்டது. போதாக்குறைக்கு 2007-இல் பூனைகளின் ரத்தப்புற்று வைரஸ் புகுந்து சிலவற்றைக் கொன்றது.

அதனால் சியரா மொரேனா ஆண்களைத் தோஞானாவில் கொண்டுபோய் விட்டார்கள். காப்பகத்திலும் இரு கூட்டத்தையும் ஜோடி சேர்த்தார்கள். 2005-இல் காப்பகத்தில் முதல் குட்டிகள் பிறந்தன. 2022-இல் இனப்பெருக்க வயதில் 648. 2024-இல் ஐயுசிஎன் என்ற பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் பட்டியலில் இதன் ஆபத்து ஒரு படி குறைந்து, ‘அழியும் நிலை’யிலிருந்து ‘பாதிக்கப்படக்கூடியது’ ஆயிற்று. மரபணு மட்டும் இதைச் செய்யவில்லை. முயல் பெருகாமல் இருந்திருந்தால் எந்த ஜோடிப் பொருத்தமும் உதவியிருக்காது.

எனக்கு மிகப் பிடித்த சேதி வேறு. ஐபீரிய லின்க்ஸின் பழைய எலும்புகளை வாசித்து 2024-இல் ஓர் ஆய்வு வந்தது. சுமார் 4,300 ஆண்டுகளுக்கும் 2,500 ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்தவற்றின் மரபணு வேறுபாடு இன்றைக்கு இருப்பதைவிடக் குறைவு! இடையில் எப்போதோ யூரேசிய லின்க்ஸ் என்ற வேறு இனத்தோடு கலந்து வேறுபாட்டைக் கூட்டிக்கொண்டிருக்கிறது. ‘கலப்பே கேடு’ என்பவர்கள் இதற்கு என்ன சொல்வார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

கேள்வி: பூனையைப் பிடிக்காமலே எச்சத்திலிருந்து டிஎன்ஏ எடுக்கலாமாமே? அருவருப்பாக இருக்காதா?

பதில்: இருக்கும். பழகிவிடும். எச்சம் குடல் வழியே வரும்போது குடற்சுவரின் செல்கள் அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்கின்றன. ஆகவே நான் மேலே மட்டும் மெல்லச் சுரண்டுவேன். உள்ளே தோண்டினால் பூனைக்குப் பதில் அது தின்ற எலியின் டிஎன்ஏ அதிகம் வரும். வெயிலில் கிடந்ததும் மழையில் நனைந்ததும் பெரும்பாலும் வீண். சேகரித்த உடனே எத்தனாலிலோ ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளிலோ போட்டுவிட வேண்டும்.

சிறுத்தைப் பூனை என்பது சிறுத்தை அல்ல, புள்ளி போட்ட சிறிய பூனை. அதன் எச்சத்தையும் நம் நாட்டுக் காட்டுப்பூனையின் (இது ஸ்காட்லாந்துப் பூனையிலிருந்து வேறு இனம்) எச்சத்தையும் கண்ணால் பார்த்துப் பிரிப்பது கஷ்டம், டிஎன்ஏ பிரித்துவிடும். 2010-இல் இந்தியாவில் இதே வழியில் 55 காட்டுப்பூனைகளையும் 40 சிறுத்தைப் பூனைகளையும் ஒப்பிட்டார்கள். காட்டுப்பூனையில் வேறுபாடு நிறைய, வட்டாரப் பிரிவு குறைவு. சிறுத்தைப் பூனையோ வடக்கு, தெற்கு என்று இரண்டாகப் பிளந்து கிடந்தது. நடு இந்தியாவின் கடுங்கோடை அதற்கு ஒத்துக்கொள்ளாததே காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் ஊகம். ஒரே அளவு உடம்பு, ஒரே மாதிரி பழக்கம் என்பதற்காக இரண்டுக்கும் ஒரே திட்டம் போட்டுவிட முடியாது.

கேள்வி: குளோனிங் இருக்கும்போது எதற்கு இவ்வளவு பாடு?

பதில்: குளோனிங் புதிதல்ல. 2003-இல் நியூ ஆர்லியன்ஸில் ஓர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையைக் குளோன் செய்தார்கள், சுமந்தது வீட்டுப் பூனை. ஆனால் ஒரே பூனையை நூறு நகல் எடுத்தாலும் மரபணுக் கணக்கில் அது ஒன்றுதான். பயன் வேறிடத்தில் உண்டு: வாரிசில்லாமல் இறந்த விலங்கின் செல்லை உறையவைத்திருந்தால், தொலைந்த வேறுபாட்டை மீட்கலாம். கருங்கால் ஃபெரட் என்ற விலங்கில் 1988-இல் இறந்த ஒன்றின் செல்லிலிருந்து 2020-இல் குட்டி பிறந்தது. ஐபீரிய லின்க்ஸின் செல்களையும் இப்படிச் சேமித்து வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: பெங்கால் பூனை வளர்க்க ஆசை. அதில் சிறுத்தைப் பூனை ரத்தம் இருக்கிறதே, அந்த இனத்தைக் காப்பாற்றியது போலவும் ஆகுமா?

பதில்: ஆகாது. சிறுத்தைப் பூனையை வீட்டுப் பூனையோடு கலந்து மனிதர் உருவாக்கிய வகை அது. முதல் சில தலைமுறை ஆண்கள் பெரும்பாலும் மலடு. அதைக் காட்டில் விட முடியாது, விடவும் கூடாது. ஆசைக்கு வளர்க்கலாம். ஆனால் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, வீட்டுக்குள்ளேயே வையுங்கள்.