தக்காளி வாடுவது வெயிலாலா, நோயாலா?

மதியம் வாடி இரவில் நிமிர்ந்தால் பெரும்பாலும் வெயில்தான். மண்ணில் ஈரம் இருந்தும், இலை பச்சையாகவே தொங்கி, காலையிலும் நிமிராவிட்டால் பாக்டீரியா வாடல் நோயைச் சந்தேகிக்க வேண்டும். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த நீரின் மேல்மட்டத்தில் வெட்டுமுனை மட்டும் நனையும்படி அசைக்காமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போல் வெண்ணிழை இறங்கினால் அந்த நோய்தான். பூஞ்சாணக்கொல்லி வீண்செலவு, அது பாக்டீரியாவைக் கொல்லாது. செடியை வேர்மண்ணோடு அகற்றுங்கள். வாய்க்கால் பாசனத்தை நிறுத்துங்கள், கிருமி நீரோடு அடுத்த செடிக்குப் போகும். கத்தியையும் கழுவுங்கள். அந்த இடத்தில் இதே நோய் பிடிக்கும் கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு நட வேண்டாம்.

மதியம் மட்டும் வாடி, இழையும் வராவிட்டால், 30–35% வெயிலைத் தடுக்கும் நிழல்வலையும் வைக்கோல் மூடாக்கும் போதும். 50% வலை போட்டால் செடி நெட்டையாகும், காய் குறையும். பகலில் 35 டிகிரி தாண்டினால் மகரந்தம் கெட்டுப் பூ உதிரும். அதற்கு உரம் மருந்தல்ல.