கைதட்டிய கூடம்

அன்புள்ள ஐயா,

உங்கள் தளத்தைப் பல வருடங்களாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல்முறை. அதுவும் ஒரு வெட்கக்கேடான விஷயத்துக்காக.

கோவையில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். இரண்டு மாதம் முன்பு ஒரு பொருட்காட்சியில் குலுக்கல் கூப்பன் நிரப்பிப் போட்டோம். போன வாரம் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறது, தம்பதியாக வந்தால்தான் தருவோம், ஒன்றரை மணி நேரம் போதும் என்றார்கள். ஒரு பெரிய ஓட்டல். உள்ளே போனபின் நாலு மணி நேரம் ஆகிவிட்டது. 25 வருடத்துக்கு வருடம் ஒரு வாரம் ரிசார்ட்டில் தங்கும் மெம்பர்ஷிப். 4.75 லட்சம் என்று ஆரம்பித்து, 'இன்னைக்கு மட்டும்' 2.40 லட்சம் என்று முடித்தார்கள். என் மனைவி இரண்டு முறை, 'வீட்டுக்குப் போய் யோசிச்சுச் சொல்றோம்' என்றாள். அந்தப் பையன் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, 'மேடத்துக்கு வருஷத்துல ஏழு நாள் குடுக்க மாட்டீங்களா சார்?' என்றான். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஜிஎஸ்டி சேர்த்து 2,83,200 ரூபாய். கார்டில் 83,200, மீதி இரண்டு லட்சம் இஎம்ஐ. கூடத்தில் இருந்த எல்லோரும் கைதட்டினார்கள்.

காரில் வரும்போது அவள் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்து, 'சாப்பிடறீங்களா?' என்று மட்டும் கேட்டாள். ஆறு நாளாகிறது. தூக்கமில்லை. அடுத்தவர்களின் பில்லில் பத்து ரூபாய் இடித்தாலும் கண்டுபிடிக்கிறவன் நான். எப்படி ஏமாந்தேன்?

ஆர்.

பின்குறிப்பு: பரிசாகக் கொடுத்த மூன்று நாள் கோவா கூப்பனையாவது பயன்படுத்திக்கொள்ளலாமா?

*

அன்புள்ள ஆர்.,

கடிதம் கிடைத்த அன்றிரவே உங்களுக்கு இரண்டு வரி எழுதினேன்: 'ஒப்பந்தத்தில் ரத்து என்ற சொல் எங்கே வருகிறது என்று தேடுங்கள். இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள்.' நீங்கள் தேடி, பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் பத்து நாள் அவகாசம் இருப்பதைக் கண்டுபிடித்து, ஏழாம் நாளே எழுத்தில் ரத்து கேட்டுவிட்டீர்கள். மின்னஞ்சலோடு நிற்காமல் ஒப்புகை அட்டையுடன் ஸ்பீட் போஸ்டும் அனுப்பியது நல்ல காரியம். இனி பந்து அவர்கள் பக்கம். இந்த நீண்ட பதிலை உங்கள் அனுமதியோடு பொதுவில் போடுகிறேன். உங்களைப் போல இன்னும் பலர் பேசாமல் இருக்கிறார்கள்.

முதலில் என் கதை. தொண்ணூறுகளில், கல்யாணமான புதிதில், டை கட்டிய ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். வேக்குவம் கிளீனர். 'வாங்க வேண்டாம் சார், பார்த்தா போதும்' என்றான். எங்கள் மெத்தையில் மெஷினை ஓட்டி, உறிஞ்சியதை ஒரு கறுப்புத் துணியில் கொட்டிக் காட்டினான். சாம்பல் நிறத்தில் ஒரு பிடி தூசி. 'இதுலதான் சார் தினமும் தூங்கறீங்க.' என் மனைவிக்கு முகம் சிவந்துவிட்டது. ஏதோ அவள் வீட்டை வைத்திருக்கிற லட்சணத்தை ஒருவன் அம்பலப்படுத்தியது போல. அவன் வியர்க்க வியர்க்க முக்கால் மணி நேரம் வீட்டைக் கூட்டியிருக்கிறான், வெறுங்கையோடு எப்படி அனுப்புவது? என் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். அந்த மெஷின் இன்னும் பரணில் இருக்கிறது. எந்த மெத்தையைத் தட்டினாலும் அவ்வளவு தூசி வரும் என்பது எனக்குப் பல வருடம் கழித்துத்தான் உறைத்தது.

ஆகவே, 'எப்படி ஏமாந்தேன்' என்பதற்கு என் பதில்: கணக்குத் தெரியாததால் அல்ல. அந்தக் கூடத்தில் நடந்தது கணக்கே அல்ல.

என் தாத்தா பொள்ளாச்சிச் சந்தையில் மாடு பிடிப்பார். சந்தையில் நெருக்கடி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசுவார்கள். தரகர் கையை இழுத்து அச்சாரப் பணத்தை உள்ளங்கையில் அழுத்துவார், 'வேற ஆள் கேட்டுட்டு நிக்கிறாங்க' என்பார். உங்கள் ஓட்டல் பையனின் 'இன்னைக்கு மட்டும்' போலத்தான் இதுவும். ஆனால் தாத்தா பல்லைப் பிடித்துப் பார்ப்பார், நடக்கவிட்டுப் பார்ப்பார், அப்புறம் 'ஒரு டீ குடிச்சிட்டு வரேன்' என்று கிளம்பிவிடுவார். அந்த டீதான் அவருடைய பலம். பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் டீக்கடையில் உட்கார்ந்திருப்பான், 'அந்த மாடா? அது உதைக்குமே' என்பான்.

உங்கள் கூடத்தில் அந்த டீக்கடையைத்தான் எடுத்துவிட்டார்கள். காபியை மேசைக்கே கொண்டுவந்து கொடுத்திருப்பார்களே? பாட்டுச் சத்தத்தில் நீங்களும் மனைவியும் தனியாக ஒரு வார்த்தை பேசிக்கொள்ள முடியாது. கூப்பன் கடைசியில்தான் கைக்கு வரும், அதனால் நடுவில் எழுந்து போக முடியாது. தம்பதியாகத்தான் வர வேண்டும் என்ற நிபந்தனையும் மரியாதைக்காக அல்ல. ஒருவர் தனியாக வந்தால், 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று தப்பித்துவிடலாம். அந்த வழியை வாசலிலேயே அடைத்துவிட்டார்கள். 4.75 லட்சம் என்ற தொகை யாரும் தருவதற்காகச் சொல்லப்பட்டது அல்ல, 2.40 மலிவாகத் தெரிவதற்காகச் சொல்லப்பட்டது.

உங்கள் தொழில்மொழியிலேயே ஒரு கணக்குப் போடுகிறேன். 2,83,200 ரூபாயை 7 சதவீத வட்டியில் வைப்பு வைத்தால் வருடம் 19,824 ரூபாய். நீங்கள் அனுப்பிய தாளில் ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 14,000 என்று இருக்கிறது, அதை உயர்த்தும் உரிமையும் அவர்களுக்கே. இரண்டையும் கூட்டினால் 33,824. அந்தப் பணத்துக்கு எந்த வருடம் வேண்டுமானாலும், எந்த ஊரில் வேண்டுமானாலும், யாரிடமும் ஆறு மாதம் முன்பே தேதி கேட்டுக் காத்திருக்காமல் ரூம் போடலாம். போகாத வருடம் பணம் மிச்சம். மூலதனம் பத்திரமாக இருக்கும். இந்தக் கணக்கு உங்களுக்கு இரண்டு நிமிட வேலை. அந்த இரண்டு நிமிடத்தைத்தான் நாலு மணி நேரமும் உங்களுக்குத் தராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் 2009இல் இதற்கென்றே ஒரு சட்ட ஆணை கொண்டுவந்தது. இந்த வகை ஒப்பந்தத்திலிருந்து 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகலாம், அந்த நாட்களில் முன்பணம் வாங்குவதே தவறு. நம் ஊரில் ஆயுள் காப்பீட்டுப் பாலிசி எடுத்தால் படித்துப் பார்த்துத் திருப்பித் தர 30 நாள் உண்டு. ஆனால் இந்த மாதிரி விடுமுறை மெம்பர்ஷிப்புக்கு ஒப்பந்தத்தில் இருக்கும் ஷரத்துதான் கதி.

அவர்கள் இழுத்தடித்தால் செய்ய வேண்டியது: 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள், தமிழிலேயே பேசலாம். அதிலும் மசியவில்லை என்றால் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி கம்பெனியின் தலைமையகம் எங்கிருந்தாலும் கோவையிலேயே வழக்குப் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமும் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஒரு நுணுக்கம். 'ஒப்பந்தமே நியாயமற்றது' என்று வாதிட்டால் மாநில ஆணையத்துக்குப் போகச் சொல்வார்கள். சேவைக் குறைபாடு, முறையற்ற வணிகம் என்ற அடிப்படையில் எழுதினால் மாவட்டமே போதும். வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். ஆனால் கோபத்தில் இஎம்ஐயை நிறுத்தாதீர்கள். அவர்களோடு சண்டை தீர்வதற்குள் உங்கள் சிபில் என்கிற கடன் மதிப்பெண் கெட்டுவிடும்.

போனில் பேசாதீர்கள். 'சார், ரத்து பண்ணாதீங்க, பிளானை மாத்தித் தரோம்' என்று அதே இனிமையான குரல் வரும். அதற்குள் அவகாசம் முடிந்துவிடும். எல்லாம் எழுத்தில் இருக்கட்டும்.

கடைசியாக அந்தப் பையன். அவன் மேல் எனக்குப் பெரிய கோபம் வரவில்லை. மாத டார்கெட் முடிக்காவிட்டால் அவனுக்கு வேலை இல்லை, அவன் பேசிய வசனமும் யாரோ எழுதிக் கொடுத்ததாகத்தான் இருக்கும். ஆனால் 'மேடத்துக்குக் குடுக்க மாட்டீங்களா' என்ற வசனம் இருக்கிறதே, அது கொஞ்சம் அசிங்கம். மேடம் வேண்டாம் என்று இரண்டு முறை சொன்ன பிறகு, மேடத்தின் பெயராலேயே கேட்டிருக்கிறான். நீங்களும் அவர் சொன்னதைக் கேட்காமல் அவருக்காக வாங்கியிருக்கிறீர்கள். கடிதத்தில் பணத்தைப் பற்றி எழுதியதைவிட அந்த 'சாப்பிடறீங்களா'வைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இஎம்ஐ இல்லை என்று நினைக்கிறேன். அடுத்து அனுப்பப்போகும் எந்தக் கடிதத்தையும் முதலில் அவரிடம் படிக்கக் கொடுங்கள். அன்று அந்தக் கூடத்தில் யார் என்ன வாக்குக் கொடுத்தார்கள் என்பது அவருக்கு உங்களைவிட நன்றாக நினைவிருக்கும். கையெழுத்துப் போடும் பதற்றம் அவருக்கு இல்லையல்லவா.

கோவா கூப்பன்: தொடாதீர்கள். விமானச் செலவு உங்களுடையதாகத்தான் இருக்கும், தேதி அவர்கள் தருவதாக இருக்கும். அதைவிட முக்கியம், நாளைக்கு 'சலுகையை அனுபவித்துவிட்டு ரத்து கேட்கிறார்' என்று அவர்கள் எழுதலாம். ரசீது, ஒப்பந்தம், ஒப்புகை அட்டை இருக்கிற அதே ஃபைலில் அதையும் வைத்துவிடுங்கள். 'பரிசு' என்று பெரிதாக அச்சடித்திருப்பார்களே, அந்தப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி.