மிக்ஸர் லைன் எடுத்தால் ஒலி கிழிகிறதா?

திருப்பாதிரிப்புலியூர் கல்யாணத்தில் சவுண்ட் மிக்ஸரிலிருந்து கேமராவுக்கு லைன் எடுத்தீர்கள், நாதஸ்வரம் தொடங்கியதும் ஒலி கிழிந்துவிட்டது என்கிறீர்கள். கேமராவில் கோளாறு இருக்காது சார். கேமராவில் எக்ஸ்எல்ஆர் (ஒலிக் கேபிள் சொருகும் மூன்று முள் இணைப்பு) சுவிட்ச் 'மைக்'கில் இருந்திருக்கும், 'லைன்' ஆக்குங்கள். லைன் சிக்னல் மைக்கைவிட 40 டெசிபெலுக்கு மேல் பெரியது, மைக் ஒலியைப் பெருக்கும் ப்ரீஆம்ப் தாங்காது. மைக்குக்கு 48 வோல்ட் அனுப்பும் 'மைக்+48'ல் வைத்திருந்தால் இன்னும் மோசம், மிக்ஸருக்கும் நல்லதல்ல.

அப்புறம் கேமராவின் ஆட்டோ ஒலி அளவை நிறுத்திவிட்டு, மேனுவலில் மீட்டரின் உச்சம் -12 டெசிபெலைத் தாண்டாதபடி வையுங்கள். தவிலை மட்டும் நம்பாதீர்கள், கெட்டிமேளத்தில் எகிறிவிடும்! அதற்காகவே நான் இரண்டாவது சேனலில் அதே ஒலியை 10 டெசிபெல் குறைத்துப் பதிவேன்.

கிழிந்த பதிவை எந்த மென்பொருளும் முழுசாக மீட்காது. கேமராவின் உள்மைக் பதிந்த டிராக் இருக்கிறதா பாருங்கள், முகூர்த்தத்துக்கு அதையே போட்டுக்கொள்ளலாம்.