சாப்பிடும்போது தாடைக்கு அடியில் வீங்குது, மூலிகை மருந்து கேட்குமா?

நீங்க கேட்டது: சாப்பாட்டுல உட்கார்ந்தா தாடைக்கு அடியில நெல்லிக்காய் அளவுக்கு வீங்கி, அரை மணி நேரத்துல வத்திடுது. ஊர்ல மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்துப் போடச் சொல்றாங்க. ஆயுர்வேதத்துல வேற வழி இருக்கா?

அந்தப் பத்தை முதல்ல கழுவிடுங்க. ஈரோட்டு விரலி மஞ்சளே ஆனாலும், தோல் மேல பூசினது உள்ளே இருக்கிற அடைப்பை அசைக்காது. சுண்ணாம்பு தோலைப் புண்ணாக்கிடும். இதுல இன்னொரு வம்பு: ரெண்டும் சேர்ந்தா குங்குமமாச் செவந்துரும். சீழ் பிடிச்சுத் தோல் செவந்திருக்கான்னு மருத்துவர் பார்க்கணும், அதை இந்தச் செவப்பு மறைச்சுடும்.

சாப்பிடுற நேரத்துல மட்டும் வீங்குதுன்னா எச்சில் குழாய்ல அடைப்பு, பெரும்பாலும் கல். எச்சில் கல்லுல பத்துக்கு எட்டு தாடையடிச் சுரப்பியிலதாங்க வரும். அங்க ஊறுற எச்சில் கொழகொழன்னு இருக்கும், குழாயும் நீளம், நாக்கடிக்கு மேல்நோக்கி ஏறியாகணும். அதனால எச்சிலை ஓட வைக்கிறதுதான் மருந்தோட வேலை.

அதுக்கு அக்கரகாரம் நல்ல சரக்கு. நாட்டு மருந்துக் கடையில வேராவே கிடைக்கும். மிளகளவு நறுக்கி, சாப்பாட்டுக்கு முன்னாடி வாயில அடக்கி மென்னா நாக்கு சுறுசுறுன்னு மரத்து, வாய் நிறைய ஊறும். அதுக்கு முன்னாடி வெந்நீர்ல நனைச்சுப் பிழிஞ்ச துணியால பத்து நிமிஷம் ஒத்தடம். ஊறும்போதே ரெண்டு விரலைத் தாடை எலும்புக்கு அடியில வச்சு, பின்னாலிருந்து முகவாய்க்கட்டை நோக்கி மெதுவா நீவி விடுங்க. திருப்பி நீவினா எச்சில் வெளியே வராது. காதுக்கு முன்னால வீக்கம்னா கன்னத்தோட வாயோரத்துக்கு நீவணும்.

எலுமிச்சையும் இதே வேலையைச் செய்யும். ஆனா குழாய் முழுசா அடைச்சிருந்தா புளிப்பு பட்டதும் சுரீர்னு இழுக்கும். அப்ப எலுமிச்சை, அக்கரகாரம் ரெண்டையும் விட்டுடுங்க. பொன்னுக்கு வீங்கியிலும் அப்படித்தான், புளிப்பு வலியைத்தான் கூட்டும். அது தொத்து வியாதி. வீங்கின நாள்ல இருந்து 5 நாள் பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாதீங்க.

திரிபலா பொடி 5 கிராம், 2 டம்ளர் தண்ணி, ஒரு டம்ளரா சுண்ட வச்சுத் துணியில வடிச்சு, வெதுவெதுப்பாக் கொப்புளிங்க, சாப்பிட்ட பிறகு ரெண்டு வேளை. வாய் நிறைய அடக்கி வைக்கிறது கண்டூஷம், கொஞ்சமா விட்டு ஆட்டிக் கொப்புளிக்கிறது கவளம். வீங்கின வாய்க்குக் கவளம்தான் தோது. வாய் சுத்தமாகும், கல் கரையாது. கரைக்கும்னு விக்கிற பொடிக்குக் காசைக் கொட்டாதீங்க.

மந்தாரைப் பட்டை சேர்ந்த காஞ்சனார குக்குலுங்கிற ஆயுர்வேத மாத்திரையைச் சுரப்பி வீக்கத்துக்கு வைத்தியர்கள் கொடுப்பாங்க. கர்ப்பிணிகளும், தைராய்டுக்கோ ரத்தம் உறையாம இருக்கவோ மாத்திரை எடுக்கிறவங்களும் தானா வாங்கிச் சாப்பிடக் கூடாது. அதிமதுரமும் தானா வேண்டாம், அது ரத்த அழுத்தத்தை ஏத்தும்.

காய்ச்சல், நாக்கடியில சீழ், வாய் திறக்க முடியாத நிலை இதுல ஒண்ணு வந்தாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி, அதுலயும் சர்க்கரைக்காரங்க தாமதிக்கவே கூடாது. அதுக்கு ஆன்டிபயாடிக் வேணும், கஷாயம் பத்தாது. மூச்சோ முழுங்குறதோ சிரமமானா உடனே அவசரப் பிரிவு. வலியில்லாத கெட்டிக் கட்டின்னா ஸ்கேன் பார்த்தே ஆகணும்.

தண்ணி குறைவாக் குடிக்கிறதும், சளிக்கும் அரிப்புக்கும் போடுற சில மாத்திரைகளும் வாயைக் காய வைக்கும். மருத்துவர்கிட்ட போகும்போது பழைய மாத்திரைச் சீட்டையும் கையோட கொண்டு போங்க.