டேப் டிரைவ் உண்மையிலேயே போய்விட்டதா?

கேள்வி: சர்வரில் லினக்ஸை அப்கிரேட் செய்ததும் எல்டிஓ டேப் (பேக்கப்புக்கான காந்த நாடா) 'ஐ/ஓ எரர்', அதாவது படிப்பது-எழுதுவதில் பிழை, காட்டுகிறது. பழைய பேக்கப்பைப் படிக்கவே முடியவில்லை. டிரைவை மாற்றவா?

பதில்: அவசரப்படாதீர்கள், அது மலிவான பொருளல்ல. முதலில் டிரைவ் சிஸ்டத்தில் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் சந்தேகம் டிரைவை சர்வருடன் இணைக்கும் எஸ்ஏஎஸ் கார்டின் மேல்தான். ரெட் ஹாட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8-இல் எஸ்ஏஎஸ்2008 சிப் போன்ற பழைய கார்டுகளுக்கான ஆதரவை எடுத்துவிட்டார்கள். கார்டை மாற்றினால் போதும்.

தெரிந்தும் படிக்கவில்லையா? பிளாக் அளவை, அதாவது டேப்பில் ஒரே தடவையில் எழுதும் டேட்டாவின் அளவை, பாருங்கள். டேப் 64 கேபி பிளாக்கில் எழுதப்பட்டிருக்க, டிரைவ் 512 பைட் என்று நின்றால் இதே எரர்தான் வரும். டேப் டிரைவை இயக்கும் 'எம்டி' (mt) கட்டளையில் 'செட்பிளாக்' (setblk) மதிப்பை 0 ஆக்குங்கள். எந்த அளவையும் ஏற்கும். ரீபூட்டில் இது மறைந்துவிடும், டேப் டிரைவ் அமைப்புகளுக்கான 'எஸ்டிஇனிட்' (stinit.def) கோப்பிலும் எழுதிவையுங்கள். சோதித்துப் பார்க்க வெற்று டேப்பையே போடுங்கள். கிளீனிங் கேசட்? டிரைவில் கிளீனிங் விளக்கு எரிந்தால் மட்டும். சும்மா போட்டால் ஹெட் தேயும்.