ரசாயன ஆலை எப்போது பசுமை ஆகும்? கேட்டவர்களுக்குப் பதில்

மணலி ஆலைகளில் ப்ராசஸ் (உற்பத்தி) பக்கம் 20 வருஷத்துக்கு மேல் இருந்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

மாதவரம்: கூரை முழுக்க சோலார் போட்டால் ஆலை பசுமைதானே சார்?

இல்லைங்க. பெரும்பாலான ஆலைகளில் அதிகம் செலவாவது கரண்ட் இல்லை, நீராவி. பாய்லரில் என்ன எரிகிறது என்று கேளுங்கள். காஸ்டிக் சோடா வேறு கதை, உப்புநீரில் கரண்ட் பாய்ச்சித்தான் சரக்கே வருகிறது, டன்னுக்கு 2,000 யூனிட்டுக்கு மேல் போகும். அங்கே காற்றாலை கரண்ட் கணக்கையே மாற்றிவிடும்.

தண்டையார்பேட்டை மாணவி: ப்ராஜெக்டுக்கு எதையெல்லாம் அளக்க வேண்டும்?

முதலில் எல்லையைப் போடும்மா. ஆலை கேட்டுக்குள் மட்டுமா, மூலப்பொருள் கிளம்பும் இடத்திலிருந்தா? அப்புறம் எல்லாவற்றையும் ஒரு டன் சரக்குக்கு இவ்வளவு என்று எழுது. தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் சேர்த்துக்கொள். கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்குத் தர நாளுக்கு 4.5 கோடி லிட்டர் நிலையம் இருக்கிறது.

எர்ணாவூர்: சென்சார், ஏஐ எல்லாம் வந்துவிட்டதே, இனி எதையும் மறைக்க முடியாதுதானே?

நான் வேலை பார்த்த ஓர் ஆலையில் கழிவுநீர் பிஹெச் (அமில-கார அளவு) மூன்று நாளாக 7.2லேயே நின்றது. திரையில் எல்லாம் பச்சை. கழற்றிப் பார்த்தால் ப்ரோப், அதாவது அளக்கும் கம்பியின் நுனியில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாகப் படிந்திருக்கிறது. அசையாத கோட்டை நம்பாதீர்கள், காலிப்ரேஷன், அதாவது கருவியைச் சரிபார்த்த தேதியைக் கேளுங்கள். இன்னொன்று, சென்சார் வைத்த இடத்தைத்தான் அளக்கும், மாசு வேறு வழியிலும் வரும். 2023 டிசம்பரில் எண்ணூரில் எண்ணெய் வெள்ளத்தோடு வந்தது, அதே மாதம் அம்மோனியா கடலடிக் குழாயிலிருந்து கசிந்தது.

மணலி புதுநகர்: சோலார் போட்ட கம்பெனியை நம்பலாமா?

மேலேயே சொன்னேன். பாய்லர்.

திருவொற்றியூர்: பச்சை அம்மோனியா வந்தால் நம்ம பக்கம் விடிவுதானே?

கரண்டைப் பொறுத்தது. இயற்கை எரிவாயுவில் செய்தால் டன்னுக்கு ஏறத்தாழ 2 டன் கார்பன் டை ஆக்சைடு. பச்சை முறையில், அதாவது கரண்டால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்துச் செய்தால், டன்னுக்கு 10,000 யூனிட் வரை வேண்டும். அதை நம் கிரிட்டிலிருந்து (பொது மின்கட்டமைப்பு) எடுத்தால், யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கார்பன் டை ஆக்சைடு வீதம் 7 டன் ஆகிவிடுகிறது! எரிவாயுவைவிட மோசம்.

திருவொற்றியூர்: ஆடிக் காற்றில் காற்றாலை தரும் யூனிட்டை, வருஷம் முழுக்க எடுத்த கரண்டுக்கு ஈடாகக் கம்பெனிகள் கணக்கில் சரிக்கட்டுகிறார்களே, அது தப்பா?

இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காற்றாலை மே முதல் செப்டம்பர் வரைதான் வெளுத்து வாங்கும். ஜனவரி ராத்திரி பிளாண்ட் ஓடும்போது வருவது பெரும்பாலும் நிலக்கரி கரண்ட், அந்தச் சாம்பல் கொசஸ்தலையாற்றில் படிவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். காகிதத்தில் நேர் செய்யலாம், ஆற்றில் முடியாது.

வில்லிவாக்கம்: அதற்காகக் காற்றாலையே வேண்டாமா?

அப்படி எங்கே சொன்னேன்? தாராளமாக வைக்கட்டும், ஆனால் மணிக்கு மணி மீட்டர் கணக்கைக் காட்டட்டும், பச்சை என்று நானே ஒத்துக்கொள்கிறேன்.

மணலி: எங்கள் தெருவில் ராத்திரியில் அழுகின முட்டை வாடை.

ஹைட்ரஜன் சல்பைடாக இருக்கலாம். நேரம், காற்றடிக்கும் திசை இரண்டையும் குறித்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு உடனே எழுதுங்கள், மூச்சு முட்டினால் முதலில் அங்கிருந்து வெளியேறுங்கள்.